மனச்சோர்வு மருத்துவத்தில் மெய்நிகர் உண்மை

மனச்சோர்வு மருத்துவத்தில் மெய்நிகர் உண்மை என்பது, மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்குக் கணினி உருவாக்கிய முப்பரிமாணச் சூழல் ஒன்றைக் காட்டி, சிகிச்சையின்போது அவர் அடையும் அச்சம், வலி, சலிப்பு ஆகியவற்றைத் தணிக்கும் முறையாகும். சில இடங்களில் இது பேச்சுவழிச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவும் பயன்படுகிறது. நோயாளி கண்களை முழுவதும் மறைக்கும் காட்சிக்கருவி ஒன்றைத் தலையில் அணிகிறார். அவர் தலையைத் திருப்பும் திசைக்கேற்பக் காட்சியும் மாறுவதால், மருத்துவமனை அறையில் அமர்ந்திருந்தாலும் வேறோர் இடத்தில் இருப்பதாக உணர்கிறார்.

இம்முறை மருந்துக்கோ மருத்துவருக்கோ மாற்று அன்று. மனச்சோர்வுக்கான சிகிச்சைகள் வாரக்கணக்கில் நீடிப்பவை. பலர் அவற்றை இடையிலேயே நிறுத்திவிடுகின்றனர். நோயாளி தம் சிகிச்சையை முழுமையாக முடிப்பதற்கு இக்கருவி உதவுகிறதா என்பதே இத்துறையின் முதன்மைக் கேள்வி எனலாம். இக்கட்டுரையின் பிற்பகுதியில் அக்கேள்வி திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதியின் சூழலில் வைத்துப் பார்க்கப்படுகிறது. இந்தியாவின் மாவட்ட மனநலத் திட்டம் 1996ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபோது தெரிவு செய்யப்பட்ட நான்கு மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்றாகும்.

சொல் விளக்கம்

தமிழில் "மன அழுத்தம்" என்ற சொல் இரு வேறு நிலைகளைக் குறிக்கப் பயன்படுகிறது. தேர்வு, வேலை, கடன் போன்றவற்றால் வரும் நெருக்கடியையும் மன அழுத்தம் என்கிறோம்; மருத்துவர்கள் நோயாகக் கருதும் நிலையையும் அவ்வாறே அழைக்கிறோம். இக்கட்டுரையில் நோயைக் குறிக்க மனச்சோர்வு என்ற சொல்லே ஆளப்படுகிறது. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்கும் துயரம் அல்லது எதிலும் நாட்டமின்மை, அவற்றுடன் தூக்கக்கேடு, பசியின்மை, களைப்பு, குற்றவுணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் முதலியன இந்நோயின் அறிகுறிகள். இவற்றுள் நாட்டமின்மை இக்கட்டுரைக்கு முதன்மையானது. எதுவும் இன்பம் தராத நிலையில் உள்ளவருக்கு அழகிய காட்சியைக் காட்டினால் என்ன பயன் என்ற ஐயம் எழுவது இயல்பே. அதற்கான விடை கீழே வருகிறது.

சிகிச்சையில் உள்ள இடர்கள்

மனச்சோர்வுக்கு மருத்துவம் உண்டு. அதில் தங்குவதுதான் கடினம். ஃபுளுவாக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள் பயன்தரப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதனினும் கூடுதலாக ஆகும். குமட்டல், தலைவலி, வயிற்றுக் கோளாறு போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன. நன்மை பின்னும் தீமை முன்னும் வருவதால், "இந்த மாத்திரை எனக்கு ஒத்துவரவில்லை" என்று நிறுத்திவிடுவோர் பலர். பேச்சுவழிச் சிகிச்சைக்கு வாரம் ஒரு முறையாக மூன்று, நான்கு மாதங்கள் வர வேண்டும். மாத்திரைகளால் குணமாகாதோருக்கு அளிக்கப்படும் காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் நான்கு முதல் ஆறு வாரங்கள் வர வேண்டும். படுக்கையிலிருந்து எழுவதே பெரும்பாடாக உள்ள ஒருவரிடம் இவ்வளவு எதிர்பார்க்கப்படுகிறது.

2015-16ஆம் ஆண்டுகளில் பெங்களூரு தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள் இடம்பெற்றன. வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வுக்கு உள்ளாவோர் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் என்றும், நோயுற்றோரில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறுவதில்லை என்றும் அந்த ஆய்வு காட்டியது. எனவே நோயாளியின் வசதி என்பது ஆடம்பரம் பற்றிய பேச்சு அன்று. வந்த ஒருவரை மீண்டும் வரவைப்பது பற்றியது.

வரலாறு

தலையில் அணியும் கணினிக் காட்சிக்கருவியை 1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து உருவாக்கினார். கருவியின் எடையைத் தலை தாங்காது என்பதால் அது கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. மருத்துவத்தில் இந்நுட்பம் முதலில் பயன்பட்டது அச்ச நோய்களுக்கே. 1995ஆம் ஆண்டு பார்பரா ராத்பாம், லாரி ஹாட்ஜஸ் ஆகியோர் உயரத்தைக் கண்டு அஞ்சுவோருக்குக் கணினியில் அமைத்த மாடங்களையும் பாலங்களையும் காட்டி அச்சத்தைக் குறைத்தனர்.

நோயாளியின் வசதிக்காக இதனைப் பயன்படுத்தும் எண்ணம் தீக்காயப் பிரிவிலிருந்து வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் "ஸ்னோ வேர்ல்ட்" என்னும் பனியுலகை உருவாக்கினர். தீக்காயத்தின் கட்டை அவிழ்த்துத் துடைக்கும்போது வலிநீக்கி மருந்துகள் கொடுத்தும் வலி தாங்க முடியாததாக இருக்கும். அந்நேரத்தில் நோயாளி பனிப்பள்ளத்தாக்கினூடே மிதந்து சென்று பனிமனிதர்கள் மீதும் பென்குயின்கள் மீதும் பனிப்பந்து எறிவார். மனித மனத்தின் கவனம் ஓர் எல்லைக்குட்பட்டது. அதன் பெரும்பகுதியைக் காட்சி பிடித்துக்கொண்டால் வலிக்கு எஞ்சுவது குறைவு என்பதே இதன் கோட்பாடு. தீயின் நினைவை எழுப்பாத ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் பனி தெரிவு செய்யப்பட்டது. எந்த இடத்தைக் காட்டுவது என்பது நோயைப் பொறுத்தது என்ற இப்பாடம் பின்னர் மனச்சோர்விலும் உறுதியானது.

2010கள் வரை இக்கருவிகள் ஆய்வுக்கூடங்களுக்குள்ளேயே இருந்தன. 2012இல் ஆக்குலஸ் ரிஃப்ட் கருவிக்கான பொது நிதி திரட்டல், 2014இல் கூகுளின் அட்டைப்பெட்டிக் கருவி, 2019இல் கணினி இணைப்பு தேவைப்படாத ஆக்குலஸ் குவெஸ்ட் என அடுத்தடுத்து வந்தபின் விலை பன்மடங்கு குறைந்தது. கூகுள் தன் அட்டைப்பெட்டியின் விற்பனையை 2021இல் நிறுத்திவிட்டது. அதன் வடிவமைப்பு திறந்த மூலமாக இருப்பதால் அதைப் போன்றவற்றை எவரும் செய்துகொள்ளலாம்.

காந்தத் தூண்டல் சிகிச்சையின்போது

மருத்துவமனைகளில் டி.எம்.எஸ். என்று அழைக்கப்படும் இச்சிகிச்சையின் அடிப்படை நுட்பத்தை 1985ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் செய்து காட்டினர். 2008ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மனச்சோர்வுக்கு இதனை ஏற்றது. மின்சாரம் பாயும் கம்பிச்சுருள் ஒன்று நெற்றியின் இடப்புறத்திற்குச் சற்று மேலே வைக்கப்படும். அதிலிருந்து எழும் காந்தத் துடிப்புகள் மூளையின் முன்பகுதியில் நுண்ணிய மின்னோட்டத்தைத் தூண்டுகின்றன. மயக்க மருந்து தேவையில்லை. நோயாளி விழித்தபடி சாய்நாற்காலியில் அமர்ந்திருப்பார்.

ஒவ்வொரு துடிப்பின்போதும் சுருள் "டக்" என ஒலிக்கும்; காதடைப்பான் இன்றியமையாதது. தலையின் மேற்றோலில் மரங்கொத்தி கொத்துவது போன்ற உணர்வும், சிலருக்குப் புருவமும் தாடையும் துடிப்பதும் உண்டு. வழக்கமான முறையில் 4 நொடி துடிப்பு, 26 நொடி ஓய்வு என 37.5 நிமிடங்களில் 3000 துடிப்புகள் தரப்படுகின்றன. முதல் சில நாட்களில்தான் வலி கூடுதல், பிறகு பழகிவிடும். ஆனால் அந்தச் சில நாட்களிலேயே விலகிவிடுவோரும் உள்ளனர். காட்சிக்கருவியால் கவனத்தைத் திருப்பலாம் என்ற எண்ணம் தோன்றுவது இங்குதான்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் பொறியியல் நோக்கில் இதில் சில முரண்பாடுகள் உள்ளன.

முதலாவது, இடம். சுருளை வைக்க வேண்டிய இடத்திற்கு அருகிலேயே காட்சிக்கருவியின் நெற்றிப்பட்டையும் தலைவாரும் வருகின்றன. வாரின் மேல் சுருளை வைத்தால் மூளைக்கும் சுருளுக்கும் இடையிலான தொலைவு கூடும். காந்தப்புலம் தொலைவுக்கேற்ப மிக விரைவாகக் குறைவதால் சில மில்லிமீட்டர்களும் பொருட்படுத்தத்தக்கவை. இரண்டாவது, காந்தம். சுருளின் மேற்பரப்பில் ஏறத்தாழ 1.5 முதல் 2 டெஸ்லா அளவுள்ள புலம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் எழுந்து மறைகிறது. அருகிலுள்ள எந்த மின்சுற்றிலும் அது மின்னோட்டத்தைத் தூண்டும். காட்சிக்கருவி என்பது உணரிகள் நிறைந்த ஒரு மின்சுற்று. கருவி பழுதாவது ஒருபுறமிருக்க, உலோகப் பகுதிகள் சூடாவதும் நகர்வதும் நோயாளிக்கே இடர். மூன்றாவது, அசைவு. மெய்நிகர் உண்மையின் சிறப்பே தலையைத் திருப்பிப் பார்ப்பது. இச்சிகிச்சையிலோ தலை அசையக் கூடாது. பின்னால் ஒரு பறவை கூவினால் நோயாளி திரும்பத்தான் செய்வார். சுருள் இடம் மாறிவிடும்.

ஆகவே இச்சிகிச்சைக்கென அமைக்கும் காட்சி முன்பக்கத்திலேயே நிகழ வேண்டும், மெதுவாக நகர வேண்டும், கண்ணால் மட்டும் தொடரக்கூடியதாக இருக்க வேண்டும். அவ்வளவையும் செய்தபின் அது மெய்நிகர் உண்மையா அல்லது முகத்தோடு கட்டிய தொலைக்காட்சியா என்று கேட்டால் விடை சொல்வது கடினம். எதிரே ஒரு பெரிய திரையை வைத்தும் இதில் பெரும்பகுதியைப் பெற முடியும். மேலும் 2018ஆம் ஆண்டு கனடாவில் 414 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 3 நிமிடமே எடுக்கும் புதிய துடிப்பு முறை 37.5 நிமிட முறைக்குக் குறைந்ததன்று எனக் கண்டறியப்பட்டது. புதிய முறையில் வலி சற்றே கூடுதல் என்றாலும், மூன்று நிமிடத்திற்குக் கருவியை அணிவித்துக் கழற்றுவதே சிகிச்சையைவிட நீண்ட வேலையாகிவிடும். எனவே இப்பிரிவில் இந்நுட்பத்தின் தேவை, விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதன்று.

மின்வலிப்புச் சிகிச்சைக்கு முன்

பேச்சுவழக்கில் "ஷாக் ட்ரீட்மெண்ட்" எனப்படும் மின்வலிப்புச் சிகிச்சை 1938இல் இத்தாலியில் தொடங்கியது. உணவையும் நீரையும் மறுக்கும் அளவுக்கு முற்றிய மனச்சோர்வில் இன்றும் மிக விரைவாகப் பயன்தரும் சிகிச்சை இதுவே. இப்போது மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுத்த பின்னரே செய்யப்படுகிறது. நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. ஆனால் திரைப்படங்கள் இதனைத் தண்டனையாகவே காட்டி வந்துள்ளதால் நோயாளியும் குடும்பத்தாரும் நடுங்குகின்றனர். அச்சம் முழுவதும் சிகிச்சைக்கு முன், வெறும் வயிற்றோடு வரிசையில் காத்திருக்கும் நேரத்தில்தான் உள்ளது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பான பதற்றத்தைக் குறைக்க இக்கருவிகள் உதவுவதை வேறு மருத்துவத் துறைகள் கண்டுள்ளன. அதனை இங்கும் பொருத்தலாம். தலையில் ஏதும் பொருத்தப்படாத நேரம் என்பதால் மேற்கூறிய முரண்பாடுகள் இங்கு இல்லை. சிகிச்சை அறையை முன்கூட்டியே காட்டி, என்ன நடக்கும் என விளக்கும் ஒரு குறும்படமும், இனிய காட்சிகளைவிடக் கூடுதலாக அச்சத்தைப் போக்கக்கூடும்.

பேச்சுவழிச் சிகிச்சையின் பகுதியாக

நாட்டமின்மை பற்றிய கேள்விக்கு விடை இப்பிரிவில் உள்ளது. மனச்சோர்வு உள்ளவர் ஒன்றும் செய்யாமல் இருப்பதால் மகிழ்ச்சி தரும் நிகழ்வுகள் குறைகின்றன. அவை குறைவதால் சோர்வு கூடுகிறது. சோர்வால் இன்னும் குறைவாகச் செய்கிறார். இச்சுழலை உடைக்க, மனம் வரும் வரை காத்திராமல் சிறு சிறு செயல்களைத் திட்டமிட்டுச் செய்யவைப்பது நடத்தைத் தூண்டல் எனப்படும். காலையில் தெருமுனை வரை நடப்பது, செடிக்கு நீர் ஊற்றுவது, ஒரு நண்பருக்குத் தொலைபேசுவது போன்றவை அச்செயல்கள். அதையும் தொடங்க முடியாதவர் முதற்படியாக அதனை மெய்நிகர் சூழலில் செய்து பார்க்கலாம் என்ற எண்ணத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவினர் சிறிய அளவிலான ஆய்வுகளை 2020களில் வெளியிட்டனர். இங்குக் காட்சி இன்பம் தர வேண்டியதில்லை. அடுத்த நாள் உண்மையான தெருவில் கால் வைக்க அது படிக்கட்டாக அமைந்தால் போதும்.

மனச்சோர்வுக்கென்றே உருவாக்கப்பட்ட முறைகளுள் பரவலாக அறியப்பட்டது 2016இல் வெளியான ஓர் ஆய்வு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கிறிஸ் புரூவின், பார்சிலோனாவைச் சேர்ந்த மெல் ஸ்லேட்டர் உள்ளிட்டோர் இதனை நடத்தினர். நோயாளி மெய்நிகர் உலகில் வளர்ந்த ஒருவரின் உடலில் இருந்துகொண்டு, அழும் குழந்தை ஒன்றைத் தேற்றுவார். குழந்தை மெல்ல அழுகையை நிறுத்தும். பின்னர் காட்சி மாறும். இப்போது நோயாளி அக்குழந்தையின் உடலில் இருப்பார். சற்று முன் தாம் பேசிய ஆறுதல் சொற்களைத் தம் குரலிலேயே, எதிரே நிற்கும் பெரியவர் சொல்லக் கேட்பார். பிறருக்கு இரங்கத் தெரிந்த மனம் தனக்கு இரங்க மறுப்பதே மனச்சோர்வின் கொடுமைகளுள் ஒன்று. அதனை இச்சிறு நாடகம் சுற்றுவழியில் அணுகுகிறது. 15 நோயாளிகள் மூன்று முறை இதனைச் செய்தனர். ஒரு மாதத்திற்குப் பின் 9 பேருக்கு அறிகுறிகள் குறைந்திருந்தன. அவர்களில் நால்வருக்குக் குறைவு மருத்துவ நோக்கில் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாததால் இம்மாற்றம் கருவியால் வந்ததா, காலத்தாலா, கவனித்துக்கொள்ளப்பட்டதாலா என்று பிரித்தறிய இயலாது.

சான்றுகளின் நிலை

2017ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃபிரீமன் குழுவினர் மனநலத்தில் மெய்நிகர் உண்மை பற்றி அதுவரை வந்த 285 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் 192 ஆய்வுகள் பதற்ற நோய்கள் பற்றியவை. 44 மனச்சிதைவு பற்றியவை. மனச்சோர்வு பற்றியவை மிகச் சிலவே. பின்னர் ஆய்வுகள் பெருகியுள்ளன என்றாலும், அச்ச நோய்களில் உள்ள உறுதியான சான்று மனச்சோர்வில் இல்லை. இதனைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "நோயாளிகளுக்குப் பிடித்திருந்தது", "பதற்றம் அந்நேரத்தில் குறைந்தது", "சிகிச்சையை முழுமையாக முடித்தனர்", "நோய் குணமானது" ஆகிய நான்கும் வெவ்வேறு கூற்றுகள். முதல் இரண்டுக்குச் சான்று எளிதில் கிடைக்கிறது. கருவி விற்போர் அவற்றைக் காட்டி நான்காவதைப் பேசுவது வழக்கம். நோயாளிக்கு வேண்டியது பின்னிரண்டும்.

பக்கவிளைவுகள்

கண்ணுக்கு நகர்வு தெரிந்து, உட்காதிலுள்ள சமநிலை உறுப்புக்கு அது தெரியாதபோது தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. பேருந்தில் புத்தகம் படிக்கும்போது வருவதற்கு நேர் மறுதலையான நிலை இது. தலை அசைவதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையிலான தாமதம் ஏறத்தாழ 20 மில்லிநொடிக்குள் இருந்தால் இத்தொல்லை குறையும். மனச்சோர்வு நோயாளிகளிடம் இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் அம்மாத்திரையாலேயே குமட்டல் வரும். கருவியால் வந்ததை மாத்திரையின் மீது சுமத்தி நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டால், வசதிக்காகக் கொண்டுவந்த கருவியே சிகிச்சையைக் கெடுத்ததாகிவிடும். ஆகவே புதிதாக மாத்திரை தொடங்கியோருக்குச் சில வாரங்கள் பொறுத்துக் கருவியை அளிப்பதே அறிவுடைமை.

ஒளி விட்டு விட்டு மின்னும் காட்சிகள் வலிப்பு நோய் உள்ள சிலருக்கு வலிப்பைத் தூண்டும். காந்தத் தூண்டலிலும் மிக அரிதாக வலிப்பு வருவதுண்டு என்பதால், இரண்டையும் சேர்க்கும்போது எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். மனச்சோர்வுடன் மாயக்குரல்களும் பொய்யான நம்பிக்கைகளும் கொண்டவர்களுக்குச் சிகிச்சையளிக்கும் மனநல மருத்துவர் முடிவு செய்யாமல் இதனை அளிக்கலாகாது.

திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும்

இடத்தை மாற்றினால் மனம் தேறும் என்பது இப்பகுதிக்குப் புதிய கருத்தன்று. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியின் வடகரையில் உள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில், மனநோய் உற்றவர்கள் 48 நாட்கள் தங்கி வழிபடும் மரபு நெடுங்காலமாக உள்ளது. பூசையின்போது அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்படும். 2001ஆம் ஆண்டு ஆகத்து 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். அதன்பின் இத்தகைய இடங்கள் அரசின் கண்காணிப்பிற்குள் வந்தன. குணசீலத்தில் உரிமம் பெற்ற மறுவாழ்வு இல்லம் அமைந்து, மனநல மருத்துவரின் சிகிச்சையும் வழிபாட்டோடு இணைந்தது.

இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது, தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் ரகுராம் குழுவினர் நடத்தி 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வாகும். அங்குத் தங்கிய 31 பேரின் நோய் அறிகுறிகள், குறிப்பிட்ட சடங்கோ மருந்தோ இல்லாமலே, ஏறத்தாழ ஆறு வாரத்தில் 20 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருந்தன. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். அவர்களில் பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள் என்பதால் இம்முடிவை மனச்சோர்வுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் சூழல் என்பது காட்சி மட்டுமன்று என்பதை இது நினைவூட்டுகிறது. அக்கோயிலில் ஆறு வாரமும் உடன் தங்கிய உறவினர் இருந்தார். காட்சிக்கருவிக்குள் நோயாளி தனியாகவே இருக்கிறார்.

கருவியில் காட்டும் இடங்கள் பெரும்பாலும் பனிமலை, பைன் மரக்காடு, வெள்ளை மணற் கடற்கரை ஆகியவை. திருவரங்கத்துப் பெரியவர் ஒருவருக்கு அவை அழகாக இருக்கலாம். அவருடைய இளைப்பாறும் இடமாக இருக்க வாய்ப்பில்லை. முழுவட்ட ஒளிப்படக் கருவியைக் கொண்டு அம்மா மண்டபப் படித்துறையையோ முக்கொம்பையோ பதிவு செய்வது இன்று எளிது. ஆனால் எளிதாக இருப்பதாலேயே பொறியாளர்கள் இதில் தவறுகின்றனர். அம்மா மண்டபம் காலைக் காற்றுக்கும் ஆடிப்பெருக்குக்கும் உரிய இடம் மட்டுமன்று. முன்னோருக்குத் தர்ப்பணம் செய்வதும் அங்கேதான். துணையை இழந்து மனச்சோர்வுக்கு உள்ளான ஒருவருக்கு அப்படித்துறையைக் காட்டுவது, தீக்காயமுற்றவருக்கு அடுப்பைக் காட்டுவதற்கு ஒப்பாகும். கோயில் திருச்சுற்றும் அவ்வாறே. பலருக்கு அது ஆறுதல். "நான் பாவம் செய்தவன்" என்ற குற்றவுணர்வே நோயின் அறிகுறியாக உள்ளவருக்கு அது மேலும் ஒரு சுமையாகலாம். நத்தர்வலி தர்காவும் லூர்து அன்னை ஆலயமும் உள்ள ஊரில் எல்லோருக்கும் ஒரே காட்சி பொருந்தாது என்பதும் வெளிப்படை. எதைக் காண விரும்புகிறீர்கள், எதைக் காண விரும்பவில்லை என்று முதலில் கேட்பதே சரியான முறை.

பதிவு செய்யும் காலமும் கருதத்தக்கது. மேட்டூர் அணை வழக்கமாகச் சூன் 12ஆம் நாள் திறக்கப்படும். அதற்கு முன் கோடையில் காவிரி பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். வறண்ட ஆற்றைக் காட்டித் தேற்ற முடியாது. ஒளிப்படக் கருவியின் உயரம் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். நிற்பவர் உயரத்தில் எடுத்த படத்தைச் சாய்நாற்காலியில் இருந்து பார்ப்பவர் அந்தரத்தில் மிதப்பதாக உணர்வார். பரிசலில் வைத்து எடுத்த படம் காண்பதற்கு அழகு. குமட்டலுக்கும் அதுவே முதற்காரணம். பின்னணிக் குரல் தமிழில் இருந்தால் மட்டும் போதாது. செய்தி வாசிப்பது போன்ற எழுத்துத்தமிழில் "மூச்சை உள்ளிழுப்பீர்களாக" என்றால் எவருக்கும் உடல் தளராது.

சிறு நடைமுறைகளும் உண்டு. சித்திரை வெயிலில் 40 பாகை செல்சியசை எட்டும் ஊரில், முகத்தில் அழுந்தும் நுரைப்பஞ்சு வியர்வையால் நனையும். திருநீறும் திருமண்ணும் குங்குமமும் அதில் ஒட்டும். அடுத்த நோயாளிக்கு முன் துடைக்கக்கூடிய தோலுறையே ஏற்றது. பின்னலும் பூவும் வைத்த தலையில் பின்வார் நிற்காது. காந்தத் தூண்டல் எனில் கொண்டை ஊசிகளை எப்படியும் கழற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிது பயணம். மணப்பாறையிலிருந்தோ துறையூரிலிருந்தோ நாள்தோறும் மாநகருக்கு வந்து திரும்புபவருக்கு, நாற்காலியில் கழிக்கும் அரை மணியைவிடப் பேருந்தில் கழிக்கும் மணிகளும் இழக்கும் கூலியும் உடன்வருபவரின் விடுப்பும் பெரிய தடைகள். அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010இல் தொடங்கிய திட்டம் இத்தடையையே குறிவைத்தது. ஆலோசனை அறையும் மருந்தகமும் கொண்ட பேருந்து ஊர்களுக்குச் சென்றது. சென்னையில் இருந்த மருத்துவர் காணொளி வழியே நோயாளியைக் கண்டார். மருந்து அங்கேயே தரப்பட்டது. அதில் முப்பரிமாணம் ஏதுமில்லை. நோயாளியின் வசதி என்ற அளவுகோலால் அளந்தால், எந்தக் காட்சிக்கருவியும் அப்பேருந்துக்குப் பின்னால்தான் நிற்கும். 2022 முதல் இயங்கும் 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி மனநல உதவியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

சட்டமும் தனியுரிமையும்

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இன்றி மின்வலிப்புச் சிகிச்சை அளிப்பதையும், நோயாளியை எவ்வகையிலேனும் சங்கிலியால் பிணைப்பதையும் தடை செய்கிறது. சிகிச்சைக்கு முன் உரிய தகவல் தந்து ஒப்புதல் பெற வேண்டும் என்பதும் அதன் அடிப்படை. கண்ணை மறைத்து ஒருவரை வேறோர் உலகிற்குள் அனுப்பும் முறைக்கும் இவ்வொப்புதல் பொருந்தும். நினைத்தவுடன் தாமே கழற்றிவிடலாம் என்பதை நோயாளி அறிந்திருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல், நோயைக் கண்டறியவோ சிகிச்சையளிக்கவோ செய்யப்படும் மென்பொருளும் இந்தியாவில் மருத்துவக் கருவியாகக் கருதப்படுகிறது.

இக்கருவிகள் தலையசைவையும், சில வகைகள் கண்ணசைவையும் இடைவிடாமல் பதிவு செய்கின்றன. பலவற்றைப் பயன்படுத்த நிறுவனத்தின் இணையக் கணக்கு ஒன்றும் வேண்டும். மருத்துவமனையில் அக்கணக்கை நோயாளியின் பெயரில் திறக்காமல் கருவிக்கெனப் பொதுவாக ஒன்றைத் திறப்பதும், காட்சிகளை முன்னரே தரவிறக்கி இணைய இணைப்பைத் துண்டித்துப் பயன்படுத்துவதும் செலவில்லாத பாதுகாப்புகள்.